தங்கையைப் பேயாக்கிய படம்

என் தங்கை முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். பெரும்பாலும் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. மெஷினிலிருந்து சூடாக வரும் விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடிக்க வேண்டும். உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அங்கே அவளுக்கு 'மடிப்பு' என்றே பெயர். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்பதால், அவள் ரகசியம் சொன்னாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு மருந்து கொடுப்பது என் வேலை. இருவருக்கும் வீட்டுக்காரர்கள் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே வீட்டில் இருக்கிறோம். தினமும் சண்டை உண்டு. உடம்புக்கு அது நல்லதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருக்கோடி நூலகத்து மாடியில் படம் போடுவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து தங்கள் பாட்டுக்கு எடுத்த சின்னப் படங்கள், தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. பெரிய வெள்ளைத் துணியைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள், அதுதான் திரை. அவள் முழங்காலுக்குப் படியேறுவது நல்லது என்று நான்தான் முதலில் இழுத்துக்கொண்டு போனேன். பிறகு அவள் என்னை இழுக்க ஆரம்பித்தாள். பாதிக்குப் பாதி பேய்ப் படம். மிச்சத்தில் நிறைய, ஆணும் ஆணும் அல்லது பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற படம். சிலவற்றில் இரண்டும் உண்டு. முடிந்ததும் நூலகர் விளக்கைப் போட்டு, மைக்கை நீட்டி அபிப்பிராயம் கேட்பார். தங்கைக்கு மைக் வேண்டியதில்லை.

பேயை அவள் நம்புவதில்லை. ஆனால் பேயிடம் கறாராக எதிர்பார்ப்பாள். சும்மா கதவைச் சாத்தித் திறக்கிற பேயை வேலைவெட்டி இல்லாதது என்பாள். அத்தனை தூரம் போனவள் திரும்பி வருகிறாள் என்றால் முடிக்காத காரியம் ஒன்றாவது இருக்க வேண்டாமா என்று கேட்பாள். ஒரு படத்தில் ரத்தம் தெறித்த விரிப்பு அடுத்த காட்சியில் பளிச்சென்று இருந்தது. பச்சைத் தண்ணீரில் ஊற வைக்காமல் இந்தக் கறை போகாதே, யார் ஊற வைத்தார்கள் என்று வந்திருந்த இயக்குநரைப் பிடித்துக்கொண்டாள். அவர் பாவம், குறித்துக்கொண்டார்.

காதல் படங்களில் அவளுக்கு வேறு குறை. இரண்டு ஆண்கள் பிரியமாக இருந்தால் பாதிப் படத்துக்குள் ஒருவனைச் சாகடித்துவிடுகிறார்கள், அடுத்தவன் கடற்கரையில் போய் நிற்கிறான் என்பாள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு வீட்டில் இரண்டு கிழவர்கள் இருந்தார்கள். ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்று முப்பது வருடம் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வாழ்ந்தவர்கள். என் அக்கா பார்த்துக்கொண்ட அந்தக் கிழவர்களைப் படமாக எடுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்று தங்கை போகிற வருகிற இயக்குநர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே மகன். விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்கிறான், வீடு ஊரின் மறுகோடியில். எட்டு வருடமாக ஒரு நண்பர் அவனோடு இருக்கிறார், பல்செட் செய்கிற தொழில். தங்கை வாயில் இருப்பதும் அவர் கைவேலைதான். சொந்தப் பல்லைவிடத் தெளிவாகப் பேச வருகிறது.

போன மாதம் அந்த மகன் அம்மாவை விட்டுவிட்டு எனக்கு போன் செய்தான். அவன் முதல் படம் முடிந்து, எங்கள் நூலகத்தில் வருகிற ஞாயிறு போடுகிறார்களாம். அன்றைக்கு அம்மாவை நான் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டர்டா உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. படம் அவனையும் பல்செட்காரரையும் பற்றியது. எட்டு வருடமாக அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்ததை நாற்பது பேருக்கு முன்னால் அவள் பார்க்கப் போகிறாள்.

"அவங்க எழுந்து ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிட்டா, அதுக்கப்புறம் அந்த வீட்டுப் படி ஏற முடியாது பெரியம்மா" என்றான்.

மாத்திரையைச் சாப்பாட்டில் ஒளித்துக் கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கையில் கொடுத்து, இன்னதற்கு என்று சொல்லித்தான் விழுங்க வைப்பேன். உன் படம் என்று மட்டும் அவளிடம் சொல்வேன், மற்றது உன் பாடு என்று போனை வைத்தேன். தங்கை அன்றே நல்ல உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டினாள். சனிக்கிழமைக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

படத்தில் ஓர் அம்மா செத்துப்போய், பேயாக மகன் வீட்டுக்கு வருகிறாள். அங்கே அவனும் இன்னொருவனும் குடும்பம் நடத்துகிறார்கள். உயிரோடு இருந்தவரை சொல்ல முடியாததை மகன் அந்தப் பேயிடம் சொல்கிறான். அவள் பதில் பேசாமல், கொடியில் காய்ந்த பெரிய விரிப்பை எடுத்துத் தனியாக மடித்து, அவர்கள் கட்டிலில் வைத்துவிட்டு மறைந்துபோகிறாள். அந்த அம்மாவாக நடித்த பெண்ணுக்குத் தங்கையின் தொண்டை, தங்கையின் நடை. நாற்பது பேருக்கும் புரிந்துவிட்டது.

விளக்கு எரிந்தது. மகன் சுவரோரம் தலை குனிந்து நின்றான். பக்கத்தில் பல்செட்காரர் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தார். நூலகர் பழக்கத்தில் மைக்கை நீட்டி, பாதியில் கையை இழுத்துக்கொண்டார். தங்கை எழுந்தாள். நான் முகத்தின் நிறத்தையும் மூச்சையும் பார்த்தேன், இரண்டும் சரியாக இருந்தன.

"பேய் நல்லா இருந்தது. வேலை இருக்கற பேய்" என்றாள். "ஆனா இதைச் சொல்றதுக்கு என்னை எதுக்குடா கொன்னே? நான்தான் குத்துக்கல்லாட்டம் இங்க உட்கார்ந்திருக்கேனே."

மகன் தலை நிமிர்ந்தான். "என்ன சொல்வியோன்னு பயமா இருந்ததும்மா."

"எட்டு வருஷமா ரெண்டு பேர் இருக்கற உன் வீட்டுக் கொடியில ஒரே ஒரு பெரிய விரிப்புதான் காயுது. என் வேலையே அதுதானே, எனக்கா தெரியாது? நீயா வாயைத் திறப்பேன்னு பார்த்தேன். நீ பேய்கிட்ட போய்ச் சொல்லியிருக்கே."

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. மகன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, மெதுவாகக் குடி, புரையேறும் என்றேன். தேறிக்கொண்டான்.

தங்கை இன்னும் முடிக்கவில்லை. படத்தில் ஒரு பெரிய தப்பு இருக்கிறதாம். அந்த அகல விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது, பேயாகவே இருந்தாலும் தரையில் புரளும். நேராகத் திரைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். நூலகர் வாரா வாரம் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடுவது அவளுக்கு ரொம்ப நாள் எரிச்சல்.

"தம்பி, நீ வா" என்று பல்செட்காரரைக் கூப்பிட்டாள். "பையைக் கீழ வை. அந்த முனையைப் பிடி."

பிடித்தார். முதல் தடவை முறுக்கிக்கொண்டது. இரண்டாவது தடவை கையை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் அவளோடு முட்டிக்கொண்டார். இழு, பயப்படாதே, கிழியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவை முனையோடு முனை சேர்ந்தது. அவள் ஓரத்தை நீவிப் பார்த்துவிட்டு, "சுமாரா இருக்கு" என்றாள். இத்தனை வருடத்தில் என் மடிப்பைப் பார்த்து, தள்ளிப் போ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் சலவைக்கூடத்துப் பழைய சிநேகிதிகளுக்கு வரிசையாக போன் போட்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடாமலே எல்லாம் கேட்டது.

"என் மகன் படம் எடுத்திருக்கான். ஆமா, அவனும் அவன் வீட்டுக்காரரும்தான் கதை. நான்தான் பேய். அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி போடறாங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. மடிப்பு மட்டும் தப்பா வரும், அங்க கண்ணை மூடிக்கோ."