ஆறாம் நம்பர் பெட்டின் மணி

நோயாளி மணியடித்தால் மேசையிலிருக்கும் சுவிட்சை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, கைவேலையை முடித்துக்கொண்டு போவதுதான் அந்த நர்சின் இருபது வருஷப் பழக்கம். போன மாதம் ஆறாம் நம்பர் பெட்டுப் பெரியவர் அடித்தபோதும் அப்படித்தான் செய்தாள். இன்னொருவருக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனால், அவர் மூச்சு அடங்கியிருந்தது.

அதிலிருந்து தினமும் பகல் பதினொன்றுக்கு அந்த மணி அடிக்கிறது. சுவிட்சை எத்தனை தடவை அமுக்கினாலும் நிற்பதில்லை. "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலக்கா, நாலு நாள் லீவு போடுங்க" என்றார்கள் மற்ற நர்சுகள்.

இன்று எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.

"இங்க ஒயரே இல்லக்கா. போன வாரமே கழட்டிட்டேன்."

அவள் காலிப் பெட்டருகே குனிந்தாள். "வந்துட்டேன்யா. சொல்லுங்க."

மணி நின்றது. அப்போதுதான் எலெக்ட்ரீஷியன் காதைப் பொத்தியிருந்த கைகளை எடுத்தான்.