வலையின் பங்கு

எங்கள் குப்பத்தை ஒட்டிய கோட்டையில் ஓர் உலாந்தா வியாபாரி, டச்சுக்காரர், இருந்தார். ஏரியில் நல்ல கொடுவா மீன் விழுந்தால் என் வீட்டுக்காரர் அவருக்குத்தான் கொண்டுபோவார். ஒருநாள் அந்த வியாபாரி பிரியமாக இரண்டு குப்பி ஒயினும் இரண்டு பாலாடைக்கட்டியும் கொடுத்தனுப்பினார். வெள்ளை ஒயினுக்கு இளசான கட்டி, சிவப்புக்கு நாள்பட்ட கட்டி. கட்டியைக் கடிக்காமல் ஒயினைத் தொடக் கூடாதென்று பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷியை விட்டுச் சொல்லியும் அனுப்பினாராம்.

எங்கள் குப்பத்தில் பிடித்த மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. படகு என் வீட்டுக்காரருடையது. வலை என் அம்மா வீட்டுச் சீர். அதே முறையில் இதையும் பிரிக்கிறேன் என்று உட்கார்ந்தவர், குப்பி இரண்டையும் படகின் பங்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாறுகிற கட்டிகளை என் பக்கம் தள்ளினார்.

"இன்னா நாயம் இது?" என்றேன்.

"படகு இல்லாம வலை எங்க போவும்?" என்றார்.

சிவப்பு ஒயினை ஒரு மடக்குக் குடித்தார். புளியங்காயைக் கடித்தது மாதிரி முகம் கோணிக்கொண்டது. நான் நாள்பட்ட கட்டியில் ஒரு விள்ளல் எடுத்து, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, கண்ணை மூடி ரசிப்பதுபோல் தின்றேன்.

"ஒரு துண்டு குடேன்" என்றார்.

"அந்தக் குப்பிய இப்படித் தள்ளுய்யா."

சிவப்புக் குப்பி என் மடிக்கு வந்தது. கட்டியோடு சேர்த்துக் குடித்துப் பார்த்தேன்; வியாபாரி சொன்னது மெய்தான், புளிப்பும் தெரியவில்லை, நாற்றமும் தெரியவில்லை. நகக்கண் அளவு கட்டியைக் கிள்ளி அவரிடம் நீட்டிக்கொண்டே கேட்டேன்:

"வலை இல்லாத படகு இன்னாத்தப் புடிக்கும்?"

அவர் வெள்ளைக் குப்பியையும் என் பக்கம் நகர்த்தினார்.