‘ஏன் அக்கா’வின் சைக்கிள் கழுத்து

தையல் ஆலையில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘ஏன் அக்கா’ என்றால்தான் தெரியும். மெஷின் பழுதானால் மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டு, “ஓட்டுங்க” என்று கிளம்பிவிட முடியாது. “ஏன் நின்னுச்சு?” என்பாள். பதில் வராமல் நகர விடமாட்டாள். பதினோரு வருஷம் இப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகியதில், மெக்கானிக் வருவதற்குள் பாதிப் பழுதை அவளே பார்த்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளின் சைக்கிள் ஒரு நாள் பாலத்து இறக்கத்தில் ‘டக்’ என்றது. வீட்டில் வந்து சொன்னாள்.

“வண்டிக்கு வயசாச்சுல்ல. நானே முனகிக்கிட்டுத்தானே எந்திரிக்கிறேன்,” என்றார் கணவர்.

தெருமுனைக் கடைக்காரர் பெடலை மாற்றினார், செயினுக்கு எண்ணெய் விட்டார். சத்தம் போனபாடில்லை. “பழைய வண்டின்னா அப்படித்தான்க்கா.”

“ஏன் அப்படித்தான்?”

அவர் அடுத்த வண்டிக்குப் பஞ்சர் பார்க்கப் போய்விட்டார்.

அவள் யோசித்தாள். இறக்கத்தில் பெடலை மிதிப்பதே இல்லை. பிறகு அதன் மேல் என்ன பழி? முன் பிரேக்கைப் பிடிக்கும்போதுதான் சத்தம். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டினாள். டக், டக்.

“என்னங்க, கழுத்துல விரலை வைங்க.”

ஹேண்டிலுக்குக் கீழே, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வண்டிச் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் அவர் விரலை வைத்தார். “அட, உள்ள ஆடுதே.”

விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் ஸ்பேனரை மாட்டிக் கழுத்து நட்டை ஒரேயடியாக இறுக்கினார். சத்தம் நின்றது; கூடவே ஹேண்டிலும் விறைத்துப்போனது. மறுநாள் ஆலைக்குத் திரும்பும் முனையில் வண்டி திரும்ப மறுத்து, அவளை நேராகக் கம்பி வேலியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. முழங்கை சிராய்த்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கடைக்காரரை வாய்க்கு வந்தபடி பேசியிருப்பார்கள். இவள் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். நேராக வந்ததும், குழியில் விழுந்ததுபோல் நின்றது.

சாயங்காலம் கடைக்குப் போனாள். “தம்பி, உள்ள குழி விழுந்திருக்கு. கழட்டுங்க.”

“பார்க்காமலே எப்படிக்கா சொல்றீங்க?”

“கைக்குத் தெரியுது.”

கழற்றினார். கிரீஸ் காய்ந்து கரியாகியிருந்தது. கிண்ணம் போன்ற கீழ்க் கப்பில், அதற்குள் உருளும் பால்ரஸ் குண்டுகள் இடித்து இடித்து வரிசையாகக் குழி பறித்திருந்தன. இறுக்கியதும் அந்தக் குழிகளிலேயே போய் உட்கார்ந்துகொண்டன. கடைக்காரர் கப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவசரப்பட்டுட்டேன்க்கா.”

“இருக்கட்டும். இப்ப ஏன்னு தெரிஞ்சுதுல்ல.”

அவர் பழைய கப்புகளைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்தினார். புதுக் குண்டுகள், தாராளமாக கிரீஸ். இறுக்கும் வேலையை மட்டும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். தையல் மெஷினின் பாபின் கேஸில், நூலின் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகாணியை நூலிழை பிசகாமல் முறுக்கிப் பழகிய கை. துளி இறுக்கினாள், ஆட்டிப் பார்த்தாள். துளி தளர்த்தினாள், திருப்பிப் பார்த்தாள். நாலாவது தடவையில் ஆட்டமும் இல்லை, பிடிப்பும் இல்லை. கடைக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கணவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பாலத்து இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தாள்.

“சத்தம் கேக்குதா?”

“கேக்கல. ஆனா நீ கொஞ்சம் மெதுவாப் போனா நல்லது, ஏன்னா இந்தப் பக்கம் லாரியெல்லாம்...”

“நீங்க பேசாம இருந்தாத்தாங்க தெரியும்.”

அவர் வாயை மூடிக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்.