பழையாற்றங்கரையில் ஒரு பார்வோனுக்குத் தகனம்

அந்தத் துணிப்பொதிக்குள் இருந்தது எகிப்திய அரசன் ஒருவனின் முழங்கை என்று நான் மனதார நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் தலைமுடியாவது மிஞ்சியிருக்கும்.

எகிப்தில் ஒரு அரசனின் கல்லறையைத் திறந்த செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த காலம். எங்கள் கல்லூரியில் சரித்திரப் பேராசிரியர் ஒரு எகிப்தியச் சங்கம் தொடங்கியிருந்தார். டியூட்டராக இருந்த நான் செயலாளர். சனிக்கிழமை தோறும் கூடி, பிணத்தின் மூளையை மூக்கு வழியே எப்படி எடுத்தார்கள் என்று வாசிப்போம். பிறகு கோட்டாற்றுக்கு நடந்துபோய் ரசவடை தின்போம்.

சீமைக்குப் போயிருந்த பேராசிரியர் திரும்பி வந்ததும் ஒரு பொதியை என் கையில் கொடுத்தார். நீளவாக்கில், கந்தல் நாடாக்களால் இறுகச் சுற்றியிருந்தது.

"எகிப்துலேருந்து வந்த சாமானாக்கும். சனிக்கிழமை எல்லாரும் இருக்கும்போ அவுப்போம். பத்திரம்வே."

அதோடு அவர் திருவனந்தபுரம் போய்விட்டார். பொதியை என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டொரு நாளில் பெட்டியை நோக்கி எறும்புகள் ஊர்வலம் போயின. திறந்தேன். துணியில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்திருந்தது. முழங்கை அழுகுகிறது என்று அலறினேன்.

அறைத்தோழன் கணக்கு டியூட்டர், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரன், சங்கத்து உறுப்பினன். எட்டிப் பார்த்தான்.

"ஏலே, பொணத்துக்கும் கூறைப்புடவைக்கும் ஒரே பெட்டியா? சுசீந்திரத்துல உன் மாமனாருக்குத் தெரிஞ்சா பொண்ணு தருவாராலே?"

அந்த மாதக் கடைசியில் எனக்குக் கல்யாணம். பிணம் கிடக்கும் அறையில் கல்யாணப் புடவை! தீட்டு என்று ஒரு சொல் கசிந்தால் போதும், முகூர்த்தம் போய்விடும். அந்தப் பெண்ணை ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தேன். அதற்குள் அவளை இழக்க எனக்கு மனதில்லை.

பயத்துக்கு நடுவே ஒரு பரிதாபமும் வந்தது. பாவம், எங்கோ பிறந்தவன், அழ ஆளில்லாமல் என் பெட்டியில் ஒழுகிக்கொண்டிருக்கிறான். எடுத்துப் போட வேறு யார் இருக்கிறார்கள்?

பழையாற்றங்கரையில் ஓலையும் தேங்காய்ச் சிரட்டையும் அடுக்கித் தீ வைத்தோம். கருப்பட்டி காய்ச்சும் மணம் எழுந்தது.

"ராஜ உடம்புலே. வாசனைத் திரவியம் போட்டிருப்பான்" என்றேன்.

"எனக்கு நாக்குல எச்சி ஊறுதேடே" என்றான் தோழன், சிலுவை போட்டுக்கொள்ளாத குறையாக.

காரியம் அரைகுறையாக நிற்கக் கூடாதே என்று, ஆற்றங்கரை நாவிதரிடம் தலையையும் மீசையையும் கொடுத்தேன்.

"யாரு போய்ட்டா, அய்யா?"

"தூரத்துச் சொந்தம்."

சனிக்கிழமை மொட்டைத் தலையோடு சங்கத்துக்குப் போனேன். மேசைமேல் தட்டுகளை அடுக்கி வைத்துக் காத்திருந்தார் பேராசிரியர். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் நாற்காலியில் மெல்லச் சரிந்தார்.

"அட பாவி மனுஷா! அது பேரீச்சம்பழம்வே! வர்ற வழியில போர்ட் சயீது துறைமுகத்துல வாங்கினது. பிள்ளைகளுக்கு வேடிக்கையா இருக்கட்டும்னு என் பழைய வேட்டியக் கிழிச்சுல்லா சுத்தினேன்!"

சங்கம் முழுவதும் சிரித்தது. நான் மட்டும், மொட்டையைக் கண்டால் மாமனார் சாவுத் தீட்டு என்பாரே என்று தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் பேராசிரியர் சிரிப்பை நிறுத்தினார். மறுநாளே வில்வண்டி பிடித்து என்னோடு சுசீந்திரத்துக்கு வந்து, எங்கள் வீட்டில் எந்தச் சாவும் இல்லை என்று மாமனாரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

மாமனார் என் மொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் அடக்க முடியாமல் சிரித்தது.

குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. தலைப்பாகை கட்டிக்கொண்டு தாலி கட்டினேன்.