பெரியப்பாவின் மூன்று வேளை மாத்திரை

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர் என் பெரியப்பா. கால்வாயில் தண்ணீர் வந்தால் எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று முறை வைத்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஊரின் அத்தனை வயல்களின் முறையும் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அந்தத் தலையிலிருந்து ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்தது.

முதலில் பெயர்கள் போயின. பிறகு முறை போயிற்று. மடையைத் திறக்க வேண்டும் என்கிற நினைப்பு மட்டும் போகவில்லை. வேலையை வேறொருவருக்குக் கொடுத்த பிறகும், மத்தியானமானால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கண்ணில் பட்ட மடையைத் திறப்பார். ஒருநாள் அறுப்புக்கு நின்ற நெல்லில் முழங்கால் அளவு தண்ணீர்.

"அண்ணே, என் வயலு என்ன கம்மாயா? இம்புட்டுத் தண்ணியத் தெறந்து விட்டிருக்கீக!" என்று வயல்காரர் வாசலில் வந்து கத்தினார்.

"ஒன் மொறதானப்பா, வேணுங்கிற மட்டும் வாங்கிக்க" என்றார் பெரியப்பா, உபகாரம் செய்த நிம்மதியோடு.

ஊர் கூடியது. தெற்கே ஏதோ ஒரு மண்டபத்தில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலி போட்டு வைத்திருப்பார்களாம். இன்னொரு தடவை மடையில் கை வைத்தால் அங்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்றார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றுவிட்டார். பெரியம்மாதான் ஒரு மாசம் தவணை கேட்டு, பெரியப்பாவை மதுரைக்கு வைத்தியத்துக்கு அழைத்துப் போனார். அப்பாவும் வந்தார். என்னையும் கூட்டிப் போனார்கள். பஸ் போர்டு முதல் மருந்துச் சீட்டு வரை வாசிக்க எங்கள் வீட்டில் வேறு ஆள் கிடையாது.

டாக்டர் வெகுநேரம் விசாரித்தார். "இவரோட அப்பாவுக்கும் இப்படி இருந்துச்சா?"

"இல்லைங்க" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"ஏன் தம்பி இல்லங்குறீக? ஒங்க ஐயா கடைசியில என்னையவே, 'நீ யாரு பெத்த புள்ள'ன்னு கேக்கலையா?" என்றார் பெரியம்மா.

அப்பா சுவரைப் பார்த்தார். டாக்டர் அப்பாவிடம், அவருக்கு என்ன வயது என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு சீசா நிறைய வெள்ளை மாத்திரை கொடுத்தார். மூன்று வேளை. விழுங்கியதும் கால்மணி நேரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் மருந்து பிடிக்கும் என்றார். கொடுக்கிற பொறுப்பு எனக்கு, உட்காருகிற பொறுப்பு பெரியம்மாவுக்கு என்று ஆயிற்று.

நாலாம் நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தால் பெரியப்பா வாய்க்காலுக்குப் போய்விட்டிருந்தார். சீசாவோடு பின்னாலேயே ஓடினேன். வரப்பில் கால் வழுக்கியது. மூடி ஒரு பக்கம், மாத்திரை அத்தனையும் தண்ணீரில்.

மருந்து இல்லையென்றால் மண்டபம்தான். யாரிடம் சொல்வது? நேரே பெட்டிக்கடைக்குப் போய்ப் பல்லிமிட்டாய் வாங்கி, வெள்ளையை மட்டும் பொறுக்கிச் சீசாவில் போட்டேன். மிச்சமிருந்த சிவப்பையும் மஞ்சளையும் தின்றேன். அழுதுகொண்டேதான் தின்றேன் என்றாலும் தின்றது தின்றதுதான்.

பெரியப்பா ஒன்றை வாயில் போட்டு, "டேய், இந்த மருந்து நல்லாருக்குடா, இன்னொண்ணு தா" என்று கை நீட்டினார்.

"பாத்தியாடா, வாய்க்கு ருசி தெரியுது! மருந்து கேக்குது" என்றார் பெரியம்மா.

அதுவரை பெரியப்பா ஒரே கேள்வியை மூன்றாம் தரம் கேட்டால் பாத்திரத்தை நங்கென்று வைப்பவர், இப்போது பத்தாம் தரத்துக்கும் பதில் சொன்னார். "உள்ள போன மருந்து மெல்லத்தான கேக்கும்" என்பார். வீட்டுக்குப் பின்னால் கத்தரிப் பாத்திக்குச் சின்னதாக வாய்க்கால் இழுத்தார். மத்தியான மாத்திரை ஆனதும் பெரியப்பா கையில் மண்வெட்டியைக் கொடுத்து, "நம்ம மொற வந்துருச்சு, தெறந்து விடுங்க" என்பார். குடத்துத் தண்ணீரைப் பெரியம்மா ஊற்ற ஊற்ற, பெரியப்பா பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடுவார். அந்த மாசம் அவர் யார் மடையையும் திறக்கவில்லை. ஊர் வாயை மூடிக்கொண்டது.

மறுபடி மதுரைக்குப் போனோம். "கைகண்ட மருந்துய்யா" என்று பெரியம்மா டாக்டரைக் கும்பிட்டார். எல்லாரும் வெளியே போனதும் நான் மட்டும் நின்று, "அது மாத்திரை இல்ல சார், மிட்டாய்" என்றேன்.

டாக்டர் சீசாவைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. "நான் குடுத்ததும் வெறும் சத்து மாத்திரைதான் தம்பி. இந்த நோய்க்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கலை. பெரியம்மாகிட்ட சொல்லிடாதே" என்று வேறு மாத்திரை நிரப்பிக் கொடுத்தார்.

பிறகு பெரியப்பாவின் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு, "பெரியம்மா இப்பல்லாம் வேளைக்குச் சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தூங்குகிறார்களா, கோபம் குறைந்திருக்கிறதா, அழுகிறார்களா என்று வரிசையாகப் பெரியம்மாவைப் பற்றியே கேட்டார். ஒவ்வொன்றையும் அந்தச் சீட்டில் திருப்தியாகக் குறித்துக்கொண்டார். பெரியப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யாருக்கு நோய் என்பதையே மறந்துபோன டாக்டரிடம் பெரியப்பாவை ஒப்படைத்திருக்கிறோமே என்று, பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை எனக்கு ஒரே கவலையாக இருந்தது.