வெட்டியவன் பெயர் தெரிந்த ஏரி

பெங்களூரில் கடவுள் செய்த ஏரி என்று அநேகமாக ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் மனிதர்கள் கரை போட்டு, மழைத் தண்ணீரை மறித்து உண்டாக்கியவை. பெரிய ஆறு எதுவும் ஓடாத மேட்டில் ஊர் கட்டியவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. இதை நான் யாரிடம் சொன்னாலும் "அப்படியா!" என்று சந்தோஷப்படுகிறார்கள். அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு மட்டும் அதில் சந்தோஷம் கிடையாது. நான் பார்க்கிற வேலையில் அதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

ஈரநிலம் என்று அரசாங்கம் அறிவித்துப் பாதுகாக்க வேண்டிய இடங்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் அறிக்கை எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் ஆய்வாளர். ஆடுகோடியில் வீடு, அங்கேயே நடந்து போகிற தூரத்தில் அலுவலகம். கீழே லேத் பட்டறை. நாமக்கோழியும் நீர்க்காகமும் எத்தனை கண்ணில் பட்டன என்று நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது கீழே இரும்பை அறுத்துக்கொண்டிருப்பார்கள். காது கூசும். பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான், பழகவில்லை.

எங்கள் சட்டம் சொல்வது இதுதான். இயற்கையாக உண்டான நீர்நிலை என்றால் அது ஈரநிலம். பாசனத்துக்கென்றோ குடிநீருக்கென்றோ மனிதன் வெட்டியது என்றால் ஈரநிலம் ஆகாது. அந்தப் பாசனம் எப்போதோ நின்றுபோய், வயல்களெல்லாம் அடுக்குமாடிகளாகி, ஏரியில் நாணலும் கோரையும் மண்டி, தேசம் விட்டுத் தேசம் பறவைகள் வந்து இறங்கினாலும் ஆகாது. எதற்காக வெட்டினார்கள் என்று மட்டும்தான் கேட்பார்கள். இப்போது அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். நல்லவேளையாக, முக்கால்வாசி ஏரிகளை யார் வெட்டினார்கள், எதற்கு வெட்டினார்கள் என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது. 'தோற்றம் தெளிவாகத் தெரியவில்லை' என்று மனசாட்சியோடு எழுதலாம். அந்த வரியின் தயவில் பிழைத்துக் கிடக்கும் ஏரிகளை எனக்குத் தெரியும்.

நான் சொல்லப்போகிற ஏரி எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருக்கிறது. பெயர் வேண்டாம். ஏரிக்கு மேல்புறம், ஓடைகள் வந்து சேரும் இடத்தில் ஒரு சதுப்பு. காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். கீழ்ப்புறம், கரைக்கு அடியில், ஒரு குடியிருப்பு. மழைத் தண்ணீரைச் சதுப்பு பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக ஏரிக்குள் விடும். அதனால்தான் கீழே இருப்பவர்கள் ஓரளவுக்காவது தூங்குகிறார்கள். தண்ணீர் நிற்கும் பரப்பைக் காக்க வேறு சட்டங்கள் இருக்கின்றன. சதுப்பு தனியார் பட்டா நிலம். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஏரியோடு சேர்த்து ஈரநிலமாக அறிவிக்க வேண்டும், வேறு மார்க்கம் இல்லை. அறிவிப்பதற்குள் ஒரு கட்டுமானக் கம்பெனி அதை வாங்கிவிட்டது.

டீச்சரை எனக்குப் பழக்கமாக்கியது அந்த ஏரிதான். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கப் பெண்மணி. கன்னடம் பேசினால் கன்னடக்காரி என்பார்கள், கோபம் வந்தால் உருதுகூட வரும். அவரும் கணவரும் இருவருடைய சேமிப்பையும் போட்டு ஏரிக்கரைக்குக் கீழே ஒரு வீடு வாங்கினார்கள். கீழ்த்தளத்தில் இவர்கள், மாடியில் வாடகைக்கு இரண்டு ஐடி பெண்கள். வீடு வாங்கிய கொஞ்ச நாளில் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆறடி உயர மனிதர். காலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து வாசல் கேட்டருகே விட்டுவிடுவார் டீச்சர். காய்கறி வண்டிக்காரர், நடைப்பயிற்சி ஆட்கள், ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மாக்கள் என்று எல்லோரும் அவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். குழறலாகத்தான் பேசுவார், ஆனால் விடாமல் பேசுவார். கேட்டருகே உட்காராத நாளில் அவருக்குச் சாப்பாடே இறங்காது என்று டீச்சர் சொல்வார்.

ஒரு மழையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல் வழியாகப் பொங்கி வந்து அந்தத் தெருவை மூழ்கடித்தது. அவர் படுத்திருந்த கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. டிராக்டர் கொண்டுவந்து, மெத்தையோடு தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார்கள். "சாக்கடைத் தண்ணி அவர் காதுக்குள்ள போயிடுச்சும்மா, எந்திரிக்கக்கூட முடியாம என்னையே பாத்துட்டு இருந்தாரு" என்று என்னிடம் சொன்னபோது டீச்சர் அழவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் ஏரிச் சங்கம் ஒன்று ஆரம்பித்தார். சதுப்பு போனால் அடுத்த வெள்ளம் கட்டிலோடு நிற்காது என்று அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்தச் சங்கத்தின் கண்ணில்தான் ஒரு கல் பட்டது. கரை மேல் அம்மன் கோயிலுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்தது. புரட்டிப் போட்டுக் கழுவினால் எழுத்து. கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார்கள். பழைய தமிழ். உள்ளூர்த் தலைவன் ஒருவன் காடு வெட்டி, ஏரி வெட்டி, கரை கட்டி, மதகு வைத்து, கீழே உள்ள நிலத்தை நன்செய் ஆக்கினான் என்று அதில் இருந்தது. அவன் பெயரும் இருந்தது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ்க் கல் என்றதும் ஏதாவது பிரச்சினை வருமோ என்று சிலர் பயந்தார்கள். ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் கன்னடக் குடும்பங்கள் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, அதைத் தங்கள் கல்லாக்கிக்கொண்டார்கள். ஏரியின் கதையை எழுதி ஒரு பலகை வைத்தார்கள். மேலே பெரிதாகக் கன்னடம், நடுவில் ஆங்கிலம், கடைசியில் சின்ன எழுத்தில் தமிழ். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார் டீச்சர்.

பலகையைப் படித்ததும் கையிலிருந்த கேசரி பாத் எனக்கு இறங்கவில்லை. டீச்சரைத் தனியாக இழுத்துப்போய், இது சட்டப்படி எப்படிப் போய் முடியும் என்று சொன்னேன். சிரித்தார்.

"ஏம்மா, ஒருத்தன் ஏரி வெட்டிட்டு பேரும் எழுதி வெச்சிட்டுப் போயிருக்கான். அதைப் போய் மூடி வைக்கணும்ங்கறியே. யாராச்சும் பெத்த அப்பன் பேரை மறைப்பாங்களா?"

"சட்டத்துக்கு அப்பன் பேரு தெரியாத ஏரிதான் டீச்சர் பிடிக்கும்" என்றேன்.

"அப்ப உன் சட்டத்துக்குத்தான் புத்தி சரியில்லை" என்றார். அதில் எனக்கும் மறுப்பு இல்லை.

அறிக்கை எழுதும் நேரம் வந்தபோது டீச்சரே அலுவலகத்துக்கு வந்தார். பஸ் பிடித்து, நெரிசலில் நின்று, வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தார். லேத் சத்தத்தில் அவர் பேசுவது கேட்கவில்லை, கதவைச் சாத்தினேன். "அந்தக் கல்லை மட்டும் விட்ரும்மா" என்றார். "பலகையை நான் எடுத்துடறேன். கல்லை மறுபடி கவுத்துப் போட்டுடலாம். எத்தனையோ வருஷம் அப்படித்தானே கெடந்துச்சு." கணக்கு டீச்சர். வாழ்க்கையில் ஒரு மாணவனுக்குக்கூட அரை மதிப்பெண் சும்மா போட்டிருக்க மாட்டார். அவர் என்னிடம் இப்படிக் கேட்டதும் எனக்கு அவர் மேலேயே எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சல் வந்ததற்காக என் மேல் எரிச்சல் வந்தது.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. மறைத்தால் நடக்குமென்றால் மறைத்திருப்பேனோ என்னவோ. ஆனால் பலகையின் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது, பத்திரிகையிலும் வந்துவிட்டது. கம்பெனிக்காரன் ஒரு நிமிடத்தில் எடுத்து நீட்டுவான். அறிக்கைகளைப் பரிசீலிக்கும் அரசுக் குழுவின் அதே கூட்டத்தில் எங்கள் கையால் எழுதிய வேறு ஏரிகளின் அறிக்கைகளும் வரப்போகின்றன. ஒன்றில் பொய் என்று தெரிந்தால் அத்தனையும் குப்பைக்குப் போகும். அந்த ஏரிகளுக்குக் கீழேயும் யாராவது கட்டிலில் படுத்திருப்பார்கள். இதையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு வழி தேடினேன். ஏரி மனிதன் வெட்டியதாக இருக்கட்டும், சதுப்பு இயற்கையானது என்று பிரித்து எழுத முடியுமா என்று பார்த்தேன். பழைய வரைபடங்கள், மண் மாதிரிகள் எல்லாவற்றையும் புரட்டினேன். என் சொந்தத் தரவே எனக்கு எதிராக நின்றது. கரை கட்டி, தண்ணீர் தேங்கி, அது பின்னோக்கி ஏறியதால் உண்டான சதுப்பு அது. ஏரி இல்லையென்றால் சதுப்பும் இல்லை. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, பாசனம் நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது, இன்று இது வெள்ளத்தைத் தடுக்கும் நிலம், இதை நம்பி ஒரு தெரு இருக்கிறது என்று இரண்டு பக்கம் வாதாடினேன்.

எங்கள் மேலாளர் படித்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், என்னோடு தமிழ் பேசியே தமிழ் கற்றவர். "கதெ எல்லாம் பேடா, வேண்டாம் மேடம்" என்றார். "அவங்க என்ன கேட்டாங்களோ அதுக்கு மட்டும் பதில் கொடுக்கலாம்." ஆனாலும் அந்த இரண்டு பக்கத்தை அவர் நீக்கவில்லை. அதற்காக இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

கூட்டத்தில் டீச்சரைப் பின்வரிசையில் உட்கார அனுமதித்தார்கள். கம்பெனியின் ஆலோசகன் என்னைவிட வயதில் சின்னவன், நான் படித்ததையே படித்தவன். மிகவும் பணிவாகப் பேசினான். என் இரண்டு பக்கத்தைத் தொடவே இல்லை. திரையில் ஒரு படம் போட்டான். அம்மன் கோயில், பலகை, பக்கத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக டீச்சர். ஊர் மக்களே சொல்கிறார்கள், இது பாசனத்துக்காக வெட்டிய ஏரி என்றான். அதோடு விட்டானா? இவ்வளவு அரிய கல்லை வெயிலிலும் மழையிலும் விடக்கூடாது, அதற்குக் கண்ணாடிக் கூரை போட்டு ஒரு சின்ன மண்டபம் கட்டித் தர எங்கள் கம்பெனி தயார் என்றான். குழுவில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொண்ட கதை என்று என் மண்டைக்குள் ஓடியது. அந்த நினைப்பு வந்ததற்கே என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டீச்சர் எழுந்தார். வகுப்பில் பேசுகிற குரலில், தெளிவான கன்னடத்தில், கல்லுக்குக் கூரை போடுகிறீர்கள், சந்தோஷம், எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வந்தால் என் கணவரை எங்கே வைப்பது என்று கேட்டார். குறித்துக்கொள்கிறோம் அம்மா என்றார் தலைவர். அடுத்த ஏரிக்குப் போய்விட்டார்கள். இது ஒன்றைத் தவிர எங்களுடைய மற்ற அறிக்கைகள் அன்றைக்குத் தேறிவிட்டன. மேலாளர் கைகுலுக்க வந்தார். நான் கையை நீட்டினேன், கை பாட்டுக்கு நீண்டது.

வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது டீச்சர் சொன்னார். "நீ எழுதினதுல தப்பு இருந்திருந்தா உன்னை நாலு வார்த்தை நல்லா திட்டியிருப்பேன். மனசு ஆறியிருக்கும். தப்பே இல்லையேம்மா."

அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஆட்டோ வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்.

டிப்பர் லாரிகள் சதுப்பில் கட்டட இடிபாடுகளைக் கொட்ட ஆரம்பித்தபோது டீச்சர் வாடகைக்கு இருந்த பெண்களிடம் மாடியைக் காலி செய்யச் சொன்னார். வீட்டை விற்க முடியாது, வெள்ளம் வந்த தெருவில் யார் வாங்குவார்கள். மாடிக்குக் குடிபோவது ஒன்றுதான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் வந்ததும், சாமான்களை ஏற்ற நானும் போனேன். கட்டில், பீரோ, மாதா படம், மருந்து டப்பா எல்லாம் போனபின் டீச்சரின் கணவர் மட்டும் கீழே மிச்சம் இருந்தார். வெளிப்புறப் படிக்கட்டு. ஓர் ஆள் ஏறும் அகலம்தான், நடுவில் ஒரு திருப்பம். ஏரிச் சங்கத்து ஆண்கள் இரண்டு பேர் நாற்காலியின் பின்னால் பிடித்தார்கள். நானும் டீச்சரும் முன்கால்களைப் பிடித்தோம். திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. அவர் நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார். டீச்சர்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லோருக்கும் மூச்சு முட்டிவிட்டது. பிடித்தவர்களில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொரு முறை இது நடக்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

ஜன்னலருகே அவரைப் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது. தெரு தெரியவில்லை. கீழே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனது கேட்டது. அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, எப்போ கீழ போவோம்?"

டீச்சர் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தார். மாற்றுவதை நிறுத்தவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

"மழைக்காலம் முடிஞ்சதும் அங்கிள்" என்றேன். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது.

வேலை செய்கிற பாதி வாயால் அவர் சிரித்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். "உன் வேலையே அதுதானே."