விசாரணை நாளில் மாரியம்மன் தந்த பேச்சு

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். விடிந்தும் விடியாத நேரம். வட்டகொடைப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் மேல் மலைச்சரிவு இடிந்து இறங்கியது. நான் மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் முனியாண்டி காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பரா இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது.

நான் அழவில்லை. அடக்கம் செய்தபோதும் அழவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு உள்ளே ஒன்றும் இல்லை. கொழுந்து பறித்தேன், சோறாக்கினேன், பிள்ளைக்குத் தலை பின்னினேன். பேச்சு மட்டும் நின்றுபோனது. கேட்டால் "ம்" என்பேன். அதற்குமேல் வராது.

எங்கள் லயத்தில் மிஞ்சிய குடும்பங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். மழை விட்டதும் நிர்வாகம் மண்ணை அள்ளிச் சுவரைப் பூசி, பழைய லயத்துக்கே திரும்பிப் போகச் சொன்னது. அதே சரிவுக்குக் கீழே. தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. பட்டணத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வருவதாகச் சொன்னார்கள்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் ராமையா அண்ணன் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நான் பேசினா 'நீ அந்த லயத்துல இருந்தியா'ன்னு ஒரே கேள்வியில வாய மூடிடுவாங்க. மத்தவங்க பயப்படுறாங்க. செவரு வெடிச்சிருக்குன்னு முன்னாலயே கணக்கப்பிள்ளைகிட்ட சொன்னது நீதானம்மா. நீ பேசணும்."

"பேச வராதுண்ணே" என்றேன். நாலு பேர் முன்னால் நின்று நான் பேசியதே கிடையாது. செத்த வீட்டில் ஒப்பாரிகூட வைக்காதவள் நான்.

அன்று சாயங்காலம் நம் மாரியம்மன் கோயில் வாசலில் போய் நின்றேன். பூ இல்லை, சூடம் இல்லை. மனதில் பக்திகூட இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். "தாயே, எனக்குச் சந்தோஷம் வேணாம். அழுகையும் வேணாம். விசாரண அன்னைக்கு ஒரு நாளைக்குப் பேச்ச மட்டும் குடு. என் புள்ள மறுபடி அந்த மலைக்குக் கீழ படுக்கக் கூடாது." இவ்வளவுதான் கேட்டேன். பதில் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பக்கத்து நிரையில் பறிக்கும் காமாட்சிதான் என்னைப் பழக்கினாள். வேலை விட்டதும் அவள் மேல் ரோட்டில் நிற்பாள். நான் கீழே தேயிலைக்குள் நின்று பேச வேண்டும்.

"கேக்கல புள்ள! உனக்குள்ளயே பேசிக்கிறியா? நெஞ்ச நிமித்திச் சொல்லு!"

மறுபடி சொல்வேன்.

"இப்பக் கேக்குது. ஆனா ஏன் மண்ணப் பாக்குற? என்னப் பாரு. கைய என்ன செய்யிறதுன்னு தெரியலேன்னா முந்தானையப் புடிச்சிக்க. கால ஆட்டாத."

சுவர் வெடித்ததைச் சொல்லப் பழகினேன். வெடிப்பு வழியாகக் கலங்கல் தண்ணீர் வந்ததைச் சொல்லப் பழகினேன். யாரிடம் முறையிட்டோம், என்ன பதில் வந்தது என்பதையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் பெயரை மட்டும் சொல்ல வராது. ஒவ்வொரு தடவையும் அங்கேயே நின்றுபோனேன். காமாட்சி ரோட்டிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

விசாரணை, தோட்டத்து ஆபீஸ் வாசலில் நடந்தது. தோட்டத்தை நடத்தும் துரை நாற்காலியில் இருந்தார். வந்த அதிகாரி சிங்களவர், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒருவர் நின்றார். முற்றம் நிறைய நம் ஆட்கள். என்னைக் கூப்பிட்டார்கள். முன்னால் போய் நின்றேன்.

ஒன்றும் வரவில்லை. பழகியது எல்லாம் போய்விட்டது. பயம்கூட இல்லை. வெறும் மரக்கட்டையாக நின்றேன்.

ஆபீஸ் கிளாக்கர், "இந்தப் பொம்பளைக்குப் பேச வராது சார், போகச் சொல்லிடலாம்" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் அதிகாரி கையைக் காட்டிக் கிளாக்கரை நிறுத்திவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார்.

"அவசரமில்லம்மா. ஒரு வசனம் சொல்லுங்க, நிப்பாட்டுங்க. நான் ஐயாவுக்குச் சொன்னதுக்கப்புறம் அடுத்ததச் சொல்லுங்க."

ஒரு வசனம். அது என்னால் முடியும் என்று பட்டது.

"எங்க காம்பராவுல பின் செவரு வெடிச்சிருந்துச்சு" என்றேன். அவர் சிங்களத்தில் சொல்லும்வரை மூச்சு வாங்கினேன். அதற்குள் அடுத்தது வந்து நின்றது. சொன்னேன். நிறுத்தினேன். அடுத்ததும் வந்தது. என் குரல் முற்றத்தின் கடைசிவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

நடுவில் துரை கேட்டார்: சுவர் வெடித்தது தெரிந்தும் ஏன் அங்கேயே இருந்தீர்கள்?

"வேற எங்கங்க போறது? தோட்டத்துல எங்களுக்குக் குடுத்த எடம் அது ஒண்ணுதானே."

பிறகு சொன்னேன்: "என் வீட்டுக்காரரு முனியாண்டி உள்ள படுத்திருந்தாரு."

மொழிபெயர்ப்பாளர் அவர் பெயரையும் சேர்த்து அதிகாரியிடம் சொன்னார்.

நான் அம்மனிடம் கேட்டது பேச்சு. வார்த்தை அருவி மாதிரிக் கொட்டும் என்று நினைத்திருந்தேன். அவளோ எனக்கு மூச்சுவிட இடம் கொடுத்தாள். எனக்குத் தெரியாத மொழிக்காரர் ஒருவரையும் எனக்காகப் பொறுக்கவைத்தாள். இதை நான் அருள் என்கிறேன்.

அதிகாரி அன்றைக்கே நடந்துபோய்ச் சரிவைப் பார்த்தார். அந்த லயத்தை மூடச் சொன்னார்கள். சமதரையில் புது லயம் எழும்ப அடுத்த தை ஆயிற்று.

அதற்குப் பிறகும் நான் மரத்துப்போய்த்தான் இருந்தேன். கும்பிடும்போது கை குவிந்தது, மனசு குவியவில்லை. புது லயத்துக்குப் போன பிறகு முதல் பெருமழை பெய்தது. சாயங்காலம். எல்லோரும் அவரவர் வாசலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்துபோய் மலையைப் பார்க்கவில்லை. செல்வி மழையில் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. காமாட்சி என்னைத் தடுக்கவில்லை.

இப்போது மாதர் கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். கைத்தட்டு வாங்கத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும். அவர் இல்லாதது அப்படியேதான் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

உங்களில் வாய் அடைத்துப்போனவர்கள் இருந்தால் நம் தாயிடம் வாருங்கள். மனசு உருகவில்லையே என்று தயங்காதீர்கள். நானும் கல்லாகத்தான் வந்தேன். வந்து நில்லுங்கள். நீங்கள் வாய் திறக்கும்வரை அவள் பொறுத்திருப்பாள்.